மீன் அட்டை

காலனி முனையில், மின்கம்பத்துக்கும் சர்ச் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் எஸ்தர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தக் கோட்டை அவள் ஜென்மத்தில் போட்டதில்லை. டிசைன் செய்த பையன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. அவளுக்குப் பின்னால் லண்டன் மணிக்கூண்டு நின்றது. லாவோஸ் என்கிற நாட்டில் பெயர் சொல்லும்படி என்ன இருக்கிறது என்று காலனிப் பையன்களுக்குத் தெரியவில்லை. வெளிநாடு என்றால் ஏதாவது ஒரு கட்டடம் வேண்டுமே, கைக்குக் கிடைத்ததை வைத்துவிட்டார்கள். ‘லாவோஸ் நாட்டுக்கே ஆங்கிலம் சொல்லித் தரும் எங்கள் மண்ணின் மகளே, வருக!’

எஸ்தர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஒரு வாரமாகிறது. பேனரைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். பொண்ணு வெட்கப்படுகிறது என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை.

அவள் படிப்பது ஆங்கிலம் கற்பித்தலில் எம்.ஏ. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதைப் புது மாதிரியாக வைத்திருந்தார்கள். முதல் வருஷம் வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டாம் வருஷம் வெளிநாட்டில் வசதியில்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தொண்டராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். நடத்திய பாடத்தையே ஆய்வாக எழுதிக் கொடுத்தால் பட்டம். படிப்பும் ஆச்சு, தொண்டும் ஆச்சு. இதைக் காலனியில் விளக்குவதற்குள் எஸ்தரின் அப்பா ஜான்சனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. “சம்பளமே இல்லாத வேலைக்கு யாராச்சும் ஏரோப்ளேன் ஏறிப் போவாங்களாபா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போய், கடைசியில், “அங்க அவ காலேஜு புரொபசருபா” என்று சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. ஜான்சன் கல்யாண மண்டபங்களுக்கு சீரியல் விளக்குப் போடுகிறவர். கொஞ்சம் இருட்டான இடத்தைப் பார்த்தாலே அவருக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வாரம் முழுக்க எஸ்தரின் கைபேசியில் ஒரு செய்தி கிடந்தது. லாவோஸ் பள்ளியில் அவளோடு வேலை செய்யும் பூன்மி டீச்சர் அனுப்பியது. நல்ல மனுஷி, ஒரு சொட்டு விஷம் இல்லாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

‘எல்லா வகுப்பிலும் இப்போது உங்கள் மீன்தான். இன்னும் பெரிதாகச் செய்யும்படி தலைமையாசிரியர் சொன்னார். மணிவான் பள்ளிக்கு வருவதில்லை. மீனைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம், அவள் அம்மா சொன்னாள். வாழைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு எங்கள் லாவோ புத்தாண்டு வாழ்த்துகள்.’

கீழே வரிசையாகப் பூப் படங்கள். எஸ்தர் அதற்கு இன்னும் பதில் போடவில்லை. என்ன போடுவாள்?

மீன் அட்டையைச் செய்தது அவள்தான். லாவோஸின் வடக்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. பாடப் புத்தகம், படம், பாட்டு, விளையாட்டு, முதல் வருஷத்தில் படித்த அத்தனையையும் கொட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் சிரித்தார்களே தவிரப் பேசவில்லை. ஆய்வுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. அப்போதுதான் அவளுக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. அது அவளே படித்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒரு பலகை உண்டு. ஒரு சாண் அகலம். ‘நான் தமிழ் பேசினேன்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தறியில் நெய்து முடித்துப் பாவு நூலை அறுத்த பிறகு மிஞ்சுகிற பட்டு இழைகளை முறுக்கி அதற்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கேட்டால் பட்டுக் கயிறு. கழுத்தில் தொங்கினால் அறுக்கும். பள்ளிக்குள் யார் தமிழ் பேசினாலும் பலகை அவர்கள் கழுத்துக்குப் போகும். போட்டிருக்கிற பிள்ளை, தமிழ் பேசுகிற இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டால் தப்பிக்கலாம். சாயங்கால மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு முட்டியில் அடி. எஸ்தர் அந்தப் பலகையைப் போட்டிருக்கிறாள், மாட்டிவிட்டும் இருக்கிறாள், அதனால்தான் தனக்கு இங்கிலீஷ் வந்தது என்று மனப்பூர்வமாக நம்பியும் இருந்தாள்.

ஆனால் அவள் படித்தவள் அல்லவா, அப்படியே செய்வாளா? அவமானப்படுத்தும் எழுத்தை எடுத்தாள். அடியை எடுத்தாள். பலகைக்குப் பதில் அட்டை, அட்டையில் சிரிக்கிற மீன். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா தைத்துக் கொடுத்த பட்டு நாடா. இங்கிலீஷ் தவிர வேறு எது பேசினாலும் மீன் கழுத்துக்கு வரும், அடுத்தவரைப் பிடித்தால் போய்விடும், அவ்வளவுதான், விளையாட்டு. ஆய்வில் அதற்கு ‘பேச்சு டோக்கன்’ என்று பெயர் வைத்தாள். பெயர் மாறினால் பொருள் மாறிவிடும் என்று படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. மணிவான் மட்டும் பேசவில்லை. அவள் மலைமேலிருந்து வந்த கம்மு இனத்துப் பிள்ளை. மற்றவர்கள் வீட்டில் பேசுகிற லாவோ மொழியே அவளுக்கு இரண்டாவது மொழி. பெயரில் ‘மணி’ இருப்பதால் எஸ்தருக்கு முதல் நாளே அவளைப் பிடித்துப்போயிருந்தது. வகுப்பில் அவள் மொழி தெரிந்தது அவளுடைய சித்தி மகள் ஒருத்திக்குத்தான். மீன் மாட்டியிருக்கிற பிள்ளைகள் நேராக மணிவானிடம் வருவார்கள். காலை மிதிப்பார்கள், பென்சிலைப் பிடுங்குவார்கள். அவள் தன் மொழியில் சின்னதாக ஒரு சத்தம் போடுவாள், மீன் அவள் கழுத்துக்கு வந்துவிடும். வந்தது அங்கேயே தங்கிவிடும். அவள் பக்கத்தில் வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவளோடு பேசுகிற ஒருத்தி சித்தி மகள், அவளைப் பிடிக்க மனசு வரவில்லை.

எஸ்தர் இதைப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. ‘அதே மாணவி’ என்று தினமும் குறித்தும் வைத்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்ததால் பொறுத்துக்கொண்டாள்.

*

ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியை துர்காதேவிக்கு போன் போட்டு மணிவானைப் பற்றிச் சொன்னாள். அம்மா அம்சா காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் பேசினாள்.

துர்காதேவி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “எஸ்தர், இவ்வளவு பேர்ல ஒரு பொண்ணு. வருத்தம்தான், நான் இல்லைங்கலை. கடைசி அத்தியாயத்துல ‘வரம்புகள்’னு ஒரு பத்தி வருமில்ல, அதுல எழுதிடு. உன் டோக்கன் ஐடியா ரொம்ப நல்லா வந்திருக்கு. செமினார்ல எல்லாரும் கேட்டாங்க.”

“மேடம், இந்த ஐடியாவையே எடுத்துடணும்னு தோணுது.”

“எடுத்தா உன்கிட்ட ஆய்வே இல்லையேம்மா. புதுசா ஆரம்பிக்கணும், இன்னொரு வருஷம் சர்வீஸ் பண்ணணும், அதுக்கு அந்த ஸ்கூல்காரங்க ஒத்துக்கணும். யோசிச்சுக்கோ.”

அந்தப் பிள்ளை தோட்டத்தில் வாழைத்தார் சுமக்கும்போது, தான் அவளை ஒரு பத்தியில் அடக்கி எழுதிப் பட்டம் வாங்குவதா என்று எஸ்தர் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவள் தாத்தா தென்னேரியில் அடுத்தவர் கழனியில் பொழுதெல்லாம் குனிந்து கிடந்தவர். அந்தக் குனிவிலிருந்து நிமிர அவள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆனது. மணிவானை அதே குனிவுக்கு அனுப்பியது தன் கை என்று நினைத்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பட்டத்தை விடவும் மனசு வரவில்லை. பேனர் கட்டியாகிவிட்டது, அப்பா ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

அம்சா இரவுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாடி கொறிச்சுக்கினு இருக்கிற? அங்க போயி நாக்கு செத்துப்பூட்சா?” என்றாள்.

“ஒண்ணும் இல்லமா.”

“நாளைக்கு ஸ்கூலு விழாவுல பச்ச பட்டு கட்டு. நானே எடுத்து வெச்சிருக்கேன்.”

*

விழா அவள் படித்த அதே பள்ளியில்தான். கரஸ்பாண்டென்ட் ராஜவேலு சார் நேரில் வந்து அழைத்திருந்தார். வரும் வருஷத்திலிருந்து கேட்டைத் தாண்டிவிட்டால் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு திட்டம்; அதைத் தொடங்கிவைக்க ‘வெளிநாட்டுப் பேராசிரியை’ எஸ்தர். மேடைக்கு விளக்கு ஜான்சன். மகள் ஏறும் மேடை என்பதால் எங்கெல்லாம் பல்பு கட்ட முடியுமோ அங்கெல்லாம் கட்டியிருந்தார். பங்குனி வெயில் இன்னும் இறங்கவில்லை, அதற்குள் போட்டும் விட்டார்.

ராஜவேலு சார் கெட்டவர் இல்லை. நெசவுக்காரர், கூலிக்காரர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கொடுக்க வேண்டும் என்று சொந்த வீட்டின் மாடியில் பள்ளி தொடங்கியவர். எஸ்தரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. “நீ எத்தன நாளு அந்தப் போர்டப் போட்டுக்கினு அழுதிருப்ப? இன்னிக்குப் பாரு!” என்று சொல்லி, அந்தப் பலகைக்குப் புது வர்ணம் அடித்திருப்பதையும் பெருமையாகச் சொன்னார். “விழா நாளாச்சேன்னு இன்னிக்கும் விடல. விதின்னா விதி.”

பலகை எங்கே என்று எஸ்தர் கேட்கவில்லை. அதற்குள் அவளே பார்த்துவிட்டாள். மேடையோரத்தில் மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதில் தக்காளி வேஷம் போட்ட ஒரு குட்டிப் பெண், சிவப்புத் துணிக்குள் பஞ்சு அடைத்த வயிற்றின்மேல் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றது.

“என் பொண்ணுதான். கீர்த்தி. ஒன்னாங்கிளாஸ்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அகிலா. எஸ்தரின் காலனியிலிருந்து அவளோடு இந்தப் பள்ளிக்கு வந்த ஒரே பெண். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு மாறினாள், சீக்கிரம் கல்யாணம் ஆனது, இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸுக்கு விடியலில் போய்ப் பொழுது சாய வருகிறவள், இன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“காலையில இருந்து அவ கழுத்துலதான் இருக்குது” என்றாள் அகிலா. “ஒரு வாட்டி தண்ணி வேணும்னு கேட்டுட்டாளாம். அழல பாரு, தாங்கிக்கினு நிக்கிறா. உன்ன மாதிரி வருவா எஸ்தரு. நான்தான் தாங்க முடியாம ஓடிட்டேன். நீ மேடையில அவ பேர ஒரு வார்த்த சொல்லு. இன்னும் நல்லா தைரியம் வரும்.”

அகிலா ஏன் பள்ளியை விட்டாள் என்பதற்கு எஸ்தர் இத்தனை வருஷமாக வீட்டுக் கஷ்டம் என்று ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணம் அவளுக்கு வசதியாக இருந்தது. இப்போது அகிலா சாதாரணமாக, சிரித்துக்கொண்டே, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

மைக்கில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எஸ்தர் ஏறினாள். எழுதி வைத்திருந்த ஆங்கில உரை மனப்பாடமாக இருந்தது. முதல் வரி வாய் வரைக்கும் வந்தது. கீழே கீர்த்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மணிவானும் கரும்பலகை ஓரத்தில் இப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இனி ஒரு நிமிஷம் பொறுத்தாலும் தன்னால் தாங்க முடியாது என்று எஸ்தருக்குத் தெரிந்துவிட்டது.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள் தமிழில். “கீர்த்தி, அக்கா தமிழ்ல பேசிட்டேன். இப்ப இன்னா செய்யணும்?”

பிள்ளைகள் வரிசையிலிருந்து யாரோ, “போர்டு!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான், பள்ளிக்கூடமே “போர்டு! போர்டு!” என்று கத்தியது. கீர்த்தி அம்மாவைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். பிறகு தக்காளி வயிறு முட்ட முட்டப் படியேறி வந்தாள். எஸ்தர் மண்டியிட்டுத் தலையைக் குனிந்தாள். பட்டுக் கயிறு அவள் கழுத்தில் விழுந்தது. பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கை தட்டினார்கள். ராஜவேலு சாரும் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

எஸ்தர் எழுந்து மைக்கைப் பிடித்தாள். மணிவானைப் பற்றிச் சொன்னாள். மீன் அட்டையைப் பற்றிச் சொன்னாள். “இங்க கத்துக்கிட்டததான் அங்க செஞ்சேன். அடிக்கல, திட்டல. அழகா ஒரு மீன் வரைஞ்சு மாட்டினேன். அந்தப் பொண்ணு இப்ப பள்ளிக்கூடத்துல இல்ல. எனக்கு இங்கிலீஷ் வந்தது இந்தப் போர்டால இல்ல. இதனால எனக்கு வந்தது பயம். மாட்டிக்காம இருக்கிறது எப்படின்னு கத்துக்கிட்டேன், அடுத்தவங்கள மாட்டிவிடறது எப்படின்னு கத்துக்கிட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜவேலு சாரின் முகம் கறுத்தது. மைக்செட்காரரைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினார். மைக்செட்காரர் தன் பக்கத்தில் நின்ற ஜான்சனைப் பார்த்தார். ஜான்சனுக்கு மகள் சொல்வது பாதி புரியவில்லை. மானம் போகிறது என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது. அப்படியும் அவர் மைக்செட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கட்டும்பா, பேசி முடிக்கட்டும்” என்றார்.

அவள் பேசி முடித்தாள். யாரும் கை தட்டவில்லை. ராஜவேலு சார் எழுந்து வந்து அடுத்த நிகழ்ச்சி நடனம் என்று அறிவித்தார்.

*

கேட்டருகில் அவர் அவளைப் பிடித்துவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

“எங்க வீட்டு மாடியில உக்காந்து படிச்ச பொண்ணு நீ. கூப்ட்டு மரியாத பண்ணதுக்கு நல்லா பண்ணிட்டமா. சரி, போ. போர்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

“நீங்க என்ன படிக்க வெச்சத மறக்கல சார்” என்றாள் எஸ்தர். அது உண்மைதான். “ஆனா இன்னும் யாரும் எங்கிட்ட மாட்டலயே. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் போட்டுக்கினு இருக்கணும்னுதானே விதி?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் இதுவரை அவளிடம் பேசியது முழுக்கத் தமிழ். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. எஸ்தர் அவர் கழுத்தைப் பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

தெருமுனையைத் தாண்டுவதற்குள் அகிலா கீர்த்தியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வழி மறித்தாள். முகம் அனலாக இருந்தது.

“இன்னா எஸ்தரு இது? நீ படிச்சு மேல போயிட்ட. ஏரோப்ளேன் ஏறிட்ட. இப்ப எங்க பசங்க ஏறுற நேரத்துல வந்து ஏணிய எடுக்கிறியா? சார் கோவிச்சிக்கினு இவள வெளிய போகச் சொன்னா எந்த ஸ்கூலுல சேர்க்கிறது?”

“அது ஏணி இல்லடி.”

“உனக்கு இல்ல. எனக்கு வேற எதுனா காட்டு, ஏறிக்கிறேன்.”

எஸ்தருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தத் தெருவைத் தாண்டக் கூடாது என்று நினைத்தாள்.

“அகிலா, நான் உன்ன மாட்டிவிட்டிருக்கேன். தெரியுமா? போர்டு என் கழுத்துல இருக்கறப்பல்லாம் உன்கிட்டதான் வருவேன். பசிக்குதுடின்னு சொல்வேன். நீ, ‘இந்தா, என் டப்பாவுல எடுத்துக்கோ’ன்னு சொல்லுவ. உடனே உன் கழுத்துல மாட்டிடுவேன். ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்ல. உனக்கு விவரம் தெரியாதுன்னு நெனச்சேன்.”

அகிலாவின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மகளின் தக்காளித் துணியைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்துகொண்டாள்.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“ஏன் தெரியாது? நீ வர்றப்பவே கழுத்துல போர்டு தெரியுதே. இங்கிலீஷ்ல சொல்லவும் எனக்கு வராது. நீ பசிக்குதுன்னு கேட்டா நான் எப்படி வாய மூடிக்கினு இருக்கிறது? ஒருவேள நெசமாவே பசிச்சிருந்தா?”

எஸ்தர் நடுத்தெருவில் நின்று அழுதாள். பச்சைப் பட்டுச் சேலையும் கழுத்தில் பலகையுமாக அழுதவளை, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அகிலா அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற அளவுக்கு அவள் இன்னும் சமாதானமாகவும் இல்லை.

“போர்ட எடுத்துக்கினு போனா ஆச்சா? நாளைக்கே சாரு வேற செய்வாரு. பலகைக்கா பஞ்சம்?” என்றாள். பிறகு, “அந்தப் பொண்ணு, மேடையில சொன்னியே. அது யார்கிட்டனா பேசுதா?” என்று கேட்டாள்.

“அவ சித்தி பொண்ணு ஒருத்தி. அவள மாட்டிவிடக் கூடாதுன்னுதான் அவகிட்டயும் பேசாம இருந்தா.”

“இப்ப எங்க இருக்குது?”

“வாழத் தோட்டத்துல. வேலைக்கு.”

“தெரிஞ்சும் நீ இங்க வந்து மாலை போட்டுக்கினு நிக்கிற?” அகிலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கள விடு. நாங்க எப்பிடியோ போய்க்கிறோம். அத்தப் போயி கூப்புடு.”

அவள் போய்விட்டாள். கீர்த்தி மட்டும் தெருக்கோடி வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கழுத்து லேசான பிள்ளை வாயைத் திறந்து என்னவோ சொல்வதும், அகிலா அதைக் கேட்கக் குனிவதும் தெரிந்தது.

எஸ்தர் அங்கேயே ஒரு சாத்திய கடையின் படியில் உட்கார்ந்தாள். துர்காதேவிக்கு போன் போட்டு, ஆய்விலிருந்து மீனை எடுத்துவிடுவதாகவும், இன்னொரு வருஷம் ஆனாலும் சரி என்றும் சொன்னாள். மேடம் பெருமூச்சு விட்டார். “அவங்க உன்னைத் திரும்ப எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது எஸ்தர். நான் ஜாமீன் சொல்ல முடியாது” என்றார். அந்தப் பயம் எஸ்தருக்கும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

பிறகு பூன்மி டீச்சருக்கு எழுதினாள். ‘எல்லா மீனையும் எரித்துவிடுங்கள். என் தவறு, தலைமையாசிரியரிடம் நானே வந்து சொல்கிறேன். விடுமுறை முடியும் வரை காத்திருக்க மாட்டேன், முதலில் கிடைக்கிற விமானத்தில் வருகிறேன். மணிவானைத் தோட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.’ அனுப்பிவிட்டு யோசித்தாள். போய் நின்றால் அந்தப் பிள்ளையிடம் என்ன பேசுவாள்? இங்கிலீஷில் பேசினால் ஓடிவிடும். லாவோ மொழியில் நாலு வார்த்தை தெரியும், அது அந்தப் பிள்ளையின் மொழி இல்லை. தினமும் ‘அதே மாணவி’ என்று குறித்து வைத்தவளுக்கு அவள் மொழியில் ஒரு சொல் தெரியவில்லை.

இன்னொரு செய்தி எழுதினாள். ‘மணிவான் மொழியில் “வா” என்று எப்படிக் கூப்பிடுவது?’

ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அவள் கழுத்தில் கயிறு பட்ட இடம் எரிந்தது. கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பக்கம் அப்பாவின் சீரியல் விளக்குகள் இருட்டத் தொடங்கிய வானத்தில் ஓடி ஓடி எரிந்துகொண்டிருந்தன. கடைசியில் கைபேசி அதிர்ந்தது.

‘மன்னியுங்கள்’ என்று பூன்மி எழுதியிருந்தாள். ‘எனக்கும் தெரியாது. இந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்குமே தெரியாது.’